கழுவக் கழுவ

நான் குடியிருந்த மாடிக்குக் கீழே சலவைக்கூடம். மாடிப்படி அதற்குள்ளிருந்துதான் ஏறியது. யார் யாரோ படுத்தெழுந்த விரிப்புகளைத் தாண்டாமல் என்னால் வீட்டுக்குப் போக முடியாது.

லாட்ஜ் துணி தினமும் வரும். மருத்துவமனைத் துணி வாரத்துக்கு இரண்டு தடவை, நீல மூட்டையில். ஓட்டல் சமையல்கட்டுத் துணி தனியாக வரும். மூட்டையை அவிழ்த்து சிமெண்டுத் தரையில் கொட்டிப் பிரிப்பார்கள். ரத்தம் ஒரு குவியல். எண்ணெய் ஒரு குவியல். மற்றது ஒரு குவியல். மற்றது என்றால் எல்லாமும்தான். வாந்தி, சீழ், மூத்திரம், தலைச்சாயம். ஒரு மனிதன் ஒரே இரவில் இவ்வளவு கசிவான் என்பது அங்கே குடிவந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

என் மனைவி இறந்த பிறகு எனக்கு எதிலும் பெரிதாக ஒன்றும் தோன்றுவதில்லை. அருவருப்பு மட்டும் மிஞ்சியிருந்தது. அது ஒழுங்காக வேலை செய்தது.

கூடத்தின் முதலாளியை எல்லோரும் பளிச்சு என்பார்கள். பேச்சுக்குப் பேச்சு "பளிச்சுனு இருக்கணும்" என்பார். நாற்பது வயது இருக்கும். நகத்தைச் சதையோடு ஒட்ட வெட்டியிருப்பார். வெள்ளைச் சட்டை தவிர வேறு போட்டு நான் பார்த்ததில்லை.

"சுத்தம் சோறு போடும்னு சொல்வாங்கல்ல தம்பி, சும்மா ஒரு பேச்சுக்கு? எனக்கு நெசமாவே போடுது" என்று சிரிப்பார்.

கூடத்துக்குப் பின்னால் இரண்டு அறை, ஒரு முற்றம். அதுதான் வீடு. அவர் மனைவி துணி பிரிப்பாள். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவருடைய அக்கா இஸ்திரி போடுவாள். கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் திரும்பி வந்தவள். அவளை எனக்கும் அக்கா என்றுதான் பழக்கம். பிறகு ஒரு மகள். ஆறு வயது. விழித்திருக்கும் நேரமெல்லாம் ரீங்கரித்துக்கொண்டே இருப்பதால் சில்வண்டு.

ஊர் அழுக்கை இரண்டு கையாலும் அள்ளுகிறவர்கள் தங்கள் வீட்டு அழுக்கை எப்படிப் பார்ப்பார்கள் என்று அந்த வீட்டில் பார்த்தேன். யார் குடித்த டம்ளரானாலும் துணியின் பிசுக்கைக் கரைக்கும் காஸ்டிக் சோடாத் தண்ணீரில் முங்கித்தான் அடுக்களைக்குள் போகும். செருப்பு முங்கும். சில்வண்டு விளையாடும் சொப்பு முங்கும். ஒருமுறை பல்லாங்குழியில் போட்ட சோழிகூட முங்கி, வெளுத்து, பொடிந்து வந்தது. "பாத்தீங்களா, எவ்வளவு அழுக்கு இருந்திருந்தா இப்படிப் பொடியும்" என்றார் பளிச்சு. சிரிக்காமல் சொன்னார்.

அந்த வீட்டில் முன்பு எல்லார் வீட்டையும்போல பிளாஸ்டிக் பாட்டில்கள்தான் இருந்தன. யாரோ கைப்பேசியில் ஏதோ படம் அனுப்பிவிட்டார்கள். அன்று மாலை பளிச்சு என்னைப் படியில் நிறுத்தினார்.

"தம்பி, நீங்க கெமிஸ்ட்ரி படிச்சவர்தான? பிளாஸ்டிக்ல தண்ணி வச்சா பிளாஸ்டிக்கையே குடிக்கிறமாமே?"

"வெயில்ல, சூட்டுல வச்சா கொஞ்சம் எறங்கும்ணே. பழசாகிக் கீறல் விழுந்தா மாத்திடணும். அதுக்குன்னு பயந்து சாக வேண்டாம்."

"கொஞ்சம் எறங்கும்ங்கிறீங்களே. கொஞ்சம் மூத்திரம் எறங்குனா குடிப்பீங்களா?"

பிளாஸ்டிக் எல்லாம் அன்றே போயிற்று. கண்ணாடி பாட்டில் வாங்கினார். சில்வண்டு அதை முதல் நாளே பள்ளிக்கூட வாசலில் போட்டு உடைத்தாள். பிறகுதான் அந்த நாலு பாட்டிலும் வந்தன. வழவழவென்று சாயம் பூசியவை. அவருக்குச் சிவப்பு, அண்ணிக்குப் பச்சை, அக்காவுக்கு நீலம், சில்வண்டுக்கு மஞ்சள். மஞ்சளை என் கையில் கொடுத்தார். காற்றைப்போல இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் பொன்னிறம்.

"தங்க முலாம் மாதிரி இல்ல?"

"அலுமினியம்ணே. உள்ள ஒரு பூச்சு குடுத்திருக்காங்க. நல்லதுதான்."

"அலுமினியமோ எவர்சில்வரோ. பிளாஸ்டிக் இல்லல்ல? அது போதும்."

அவ்வளவுதான் பேச்சு. பிறகு நான் அதை நினைக்கவில்லை. கூரியர் அலுவலகத்தில் பொதிகளை எடைபோட்டு, முத்திரை குத்தி, திரும்பி வந்து, சோறு வடித்து, தின்று, தரையில் படுத்தேன். அப்படி நாட்கள் போயின.

மழைக்காலம் வந்தது. விரிப்புகள் காயவில்லை. கூடத்துக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள். ஈரத்துணி முகத்தில் அறைய அறையப் படியேற வேண்டும். சோப்பு, பூஞ்சை, காயாத கஞ்சிமாவு எல்லாம் சேர்ந்து ஒரு நாற்றம். ஊறிப்போன விரல்போல வீடே வெளிறிச் சுருங்கிக் கிடந்தது.

"மாடித் தம்பி, மூஞ்சிய ஏன் அப்படிச் சுளிக்கிற? தொவச்ச துணிதான்" என்றாள் அக்கா. இஸ்திரிப் பெட்டி அவள் கையில் ஓய்வதே இல்லை.

"தெரியும்க்கா."

"உன் வீட்டு விரிப்ப எப்பக் கீழ போடப்போற? மேலேருந்து வாட எறங்குது."

"போடுறேன்."

"எப்பவும் இதான் சொல்ற. அவ விரிச்சதுதான இன்னும் கெடக்கு? அதுலயா படுக்கிற?"

"இல்லக்கா. தரையில படுக்கிறேன்."

பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சீ" என்றாள். திட்டுவதுபோல இல்லை.

மேஜைக்கு அடியில் சில்வண்டு உட்கார்ந்திருந்தாள். சத்தமே இல்லாததால் அதுவரை நான் கவனிக்கவில்லை. குனிந்தேன்.

"என்ன, சில்வண்டுக்கு பேட்டரி தீந்துபோச்சா?"

வாயைத் திறந்து காட்டினாள். நாக்கின் ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் புண். கன்னம் ஒட்டியிருந்தது.

"தண்ணி கடிக்குது மாமா" என்றாள்.

"தண்ணி கடிக்குதாம்!" என்றாள் அக்கா. "கேட்டியா கதைய. எத்தன நாளா இதே கூத்து. குடிச்சா ஓங்கரிக்கிறா. தின்னா கக்குறா. டாக்டரு மருந்து குடுத்தாரு. எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, உப்பு சக்கரை போட்டு அடிக்கடி குடுன்னாரு. குடுக்கிறோம். அதக் குடிச்சா இன்னும் மோசம். ஆத்தா கை சுத்தமா இருந்தாத்தான புள்ள வயிறு சுத்தமா இருக்கும்."

ஆத்தா பத்தடி தள்ளி மூட்டை பிரித்துக்கொண்டிருந்தாள்.

"கேக்குதா? நான் ஒன்னும் ரகசியம் பேசல."

"கேக்குதுக்கா" என்றாள் அண்ணி. ஒரு விரிப்பை உதறினாள். மஞ்சள் காய்ந்த பஞ்சு ஒன்று தரையில் விழுந்தது. காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

பளிச்சு உள்ளேயிருந்து மஞ்சள் பாட்டிலோடு வந்தார். "இந்தா குட்டி, ஒரே ஒரு வாய். அப்பா நல்லாக் கழுவி, கொதிக்க வச்ச தண்ணி ஊத்தி, பழம் பிழிஞ்சு கொண்டாந்திருக்கேன். தங்கம்ல?"

சில்வண்டு மூடியருகே மூக்கை வைத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பாத்தீங்களா தம்பி? நாய்க்குட்டி மாதிரி மோந்து மோந்து பாக்குது. டம்ளர்ல குடுத்தாலும் இப்படித்தான்." நெஞ்சைத் தடவிக்கொண்டு ஏப்பம் விட்டார். "எனக்கே கொஞ்ச நாளா நெஞ்சு எரிச்சல். இந்த மழைத்தண்ணியில என்னமோ இருக்கு. கழுவுறது பத்தல. இன்னும் அழுத்திக் கழுவணும்."

அவள் குடித்தாள். அப்பா சொன்னதற்காகக் குடித்தாள். நான் மூன்றாவது படியில் கால் வைக்கும்போது கக்கும் சத்தம் கேட்டது. நிற்காமல் ஏறிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழே கூச்சல். அந்த வீட்டில் அக்காவின் குரல் உயரும். பளிச்சின் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. இறங்கிப் போனேன்.

முற்றத்துக் குழாயடியில் அண்ணி நின்றாள். கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. சில்வண்டு அவள் சேலைக்குள் முகத்தைப் புதைத்திருந்தாள்.

"கொழா தண்ணி! பச்சத் தண்ணி! அதுவும் கையில ஏந்தி!" பளிச்சுக்கு மூச்சு வாங்கியது. "காலையில இந்தக் கையால என்ன பிரிச்ச? சொல்லு, தம்பி முன்னாலயே சொல்லு. ஆஸ்பத்திரி மூட்டை பிரிச்ச. அந்தக் கையால எம்புள்ளைக்குத் தண்ணியா?"

"கழுவிட்டுத்தான் குடுத்தேன்."

"எதுல கழுவுன?"

"சோப்புல."

"சோப்புல!" என்றாள் அக்கா கதவருகிலிருந்து. "சோப்புல போற அழுக்கா அது? அதான் சொல்றேன், இவ எத்தன நாளா இப்படிக் குடுக்கிறாளோ. திருட்டுப் பூனை."

அண்ணி நிமிர்ந்தாள். "நாலு நாளாக் குடுக்கிறேன். நீங்க பாக்காதப்ப குடுக்கிறேன். ஒரு தடவகூடக் கக்கல. பாட்டில்ல குடுத்தா கக்குறா. கையில குடுத்தா நிக்குது. அது ஏன்னு யாராவது சொல்லுங்க. நான் படிக்காதவ. எனக்குத் தெரியல."

பளிச்சு அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் பிளீச்சிங் பவுடர் கரைத்த வாளியில் இரண்டு கையையும் அமுக்கினார். அடிக்கவில்லை. கையில் எத்தனையோ வெடிப்புகள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அவர் அழுதுகொண்டிருந்தார்.

"நேத்து டாக்டரு என்ன சொன்னாரு? நாளைக்குள்ள தண்ணி நிக்கலன்னா பெட்ல சேத்துக் கையில ஊசி குத்தி ஏத்தணும்னாரு. கேட்டேல்ல? அப்புறமும் இந்த வேலை பாக்குறியே."

"சேக்க மாட்டேன்" என்றாள் அண்ணி வாளியைப் பார்த்தபடி. "அந்தக் கட்டிலு, அந்த விரிப்பு, எல்லாம் எனக்குத் தெரியும். என்ன கறை எங்க இருக்குன்னு கண்ண மூடிட்டுச் சொல்லுவேன். அதுல எம்புள்ளையப் படுக்கப் போட மாட்டேன்."

"படுக்காம? வெயில்ல போட்ட கீர மாதிரி வாடிக் கெடக்கு புள்ள!"

"மாட்டேன்னா மாட்டேன்."

சில்வண்டு அந்த வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு வெடித்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது. அப்படி உதடு வெடிப்பதை நான் முன்பு ஒருமுறை பார்த்திருக்கிறேன். மாடிக்குத் திரும்பிப் போகலாம் என்று நினைத்தேன். கால் போகவில்லை.

பளிச்சு மஞ்சள் பாட்டிலை எடுத்துக்கொண்டு முற்றத்து மூலைக்குப் போனார். அங்கே பெரிய பீப்பாயில் சூடான காஸ்டிக் சோடாத் தண்ணீர் இருக்கும். சமையல்கட்டுத் துணியின் பிசுக்கைக் கரைப்பதற்காக வைத்தது. நீண்ட பிடிபோட்ட கரண்டியால் அள்ளி பாட்டிலுக்குள் ஊற்றினார்.

பாட்டில் சீறியது.

சாம்பல் நிறத்தில் நுரை பொங்கி வாயிலிருந்து வழிந்தது. கொழகொழவென்று ஏதோ கூடவே வந்தது. வெளியே பூசிய மஞ்சள் அடியில் உரிந்து தொங்கியது. அவர் ஒரு துணியால் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் ஒருவித வெற்றி.

"பாத்தீங்களா தம்பி, அழுக்கு எப்படிக் கத்துதுன்னு? தினமும் கழுவுறேன். தினமும் இவ்வளவு வருது. கழுவக் கழுவ வருது. மொதல்ல இப்படிக் கத்தல. இப்பத்தான் ஜாஸ்தி. தங்க நெறத்துல செதில் செதிலாக்கூட வந்துச்சு. எவன் எச்சிலோ, எந்தக் கடையில எப்படிப் போட்டு வச்சிருந்தானோ!"

"எவ்வளவு நாளா அண்ணே?"

"வாங்குனதுலேருந்து. தெனம் சாயங்காலம். நாலு பாட்டிலும்."

"கீழ வைங்கண்ணே."

"இன்னும் ஊறணும்."

"கீழ வைங்க."

என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. வைத்தார்.

"அது அழுக்கு இல்ல. அது பாட்டில். நீங்க பாட்டிலயே கரைச்சு எடுக்கிறீங்க."

"என்ன தம்பி சொல்றீங்க?"

"அலுமினியத்துல காஸ்டிக் பட்டா இப்படித்தான் பொங்கும். உள்ள இருந்த அந்தத் தங்கப் பூச்சு அலுமினியம் தண்ணில படாம இருக்கத்தான் குடுத்தது. நீங்க அத உரிச்சிட்டீங்க. வெறும் அலுமினியத்துல காஸ்டிக் ஊத்தி அரிக்க விட்டிருக்கீங்க. அப்புறம் அதுலயே எலுமிச்சைய ஊத்தி நாளெல்லாம் வச்சிருக்கீங்க. புளிப்பும் அதக் கரைக்கும். அரிச்ச குழிக்குள்ள காஸ்டிக் வேற ஒட்டிக்கிட்டு நிக்கும். புள்ள அதத்தான் குடிச்சிருக்கா."

"நான் ஏழு தண்ணி அலசுறேன்!"

"அலசுவீங்க. குழிக்குள்ள அலச முடியாது."

அக்கா கிட்டே வந்தாள். "என்ன தம்பி, சுத்தமா வச்சிருந்ததாலயா புள்ளைக்கு ஒடம்புக்கு வந்துச்சு? ஊர்ல எவனாவது சொன்னா நம்புவானா? ஆறு மாசமா விரிப்பு தொவைக்காதவன் வந்து எங்களுக்குச் சுத்தம் சொல்றியா?"

"ஆக்ஸா பிளேடு இருக்காண்ணே?" என்று கேட்டேன்.

குழாய் அறுப்பதற்காக வைத்திருந்தார். பாட்டிலைக் குழாயடியில் பலமுறை கழுவி, சாக்கைச் சுற்றிப் பிடித்து நீளவாக்கில் அறுத்தேன். வெண்ணெய்போல அறுந்தது. சில இடங்களில் தகடு காகிதம் அளவுக்குத்தான் இருந்தது. இரண்டாகப் பிரித்துத் தரையில் வைத்தேன்.

உள்ளே பொன்னிறம் என்று சொல்ல ஏதும் இல்லை. கழுத்துக்குக் கீழே மட்டும் பூச்சு, வெயிலில் உரியும் முதுகுத்தோல்போல, பழுப்பாகச் சுருண்டு தொங்கியது. மற்ற இடமெல்லாம் அம்மைத் தழும்புபோலக் குழி. குழிக்குள் கறுப்பு. தோள் வளைவில், எந்த பிரஷும் எட்டாத இடத்தில், சாம்பல் நிறக் கூழ் அப்பியிருந்தது. எலுமிச்சையின் சக்கை, தோல் துணுக்கு, உரிந்த பூச்சு, கரைந்த உலோகம் எல்லாம் ஒன்றாகக் குழைந்து விரல் தடிமனுக்கு இருந்தது. ஒரு விதை அதில் புதைந்து ஊதிக் கிடந்தது. வாடை எழுந்தது. துருப்பிடித்த ஆணியை நக்கினால் வருவதுபோல, அதோடு அழுகிய பழம்.

அண்ணி குனிந்து ஒரு விரலால் கூழைத் தொட்டாள். இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தாள். "வழுக்குது" என்றாள். "சவுக்காரம் மாதிரி வழுக்குது." கையை உதறினாள். வெடிப்பில் எரிந்திருக்க வேண்டும்.

"இத..." என்றார் பளிச்சு. "இத நான் எங்கையால... தங்கம்ல தங்கம்லன்னு சொல்லி..."

ஆஸ்பத்திரி மூட்டையை அவிழ்த்துக்கொண்டே வடை தின்பவர் அவர். அதை நானே பார்த்திருக்கிறேன். அன்று சுவரைப் பிடித்துக்கொண்டு குடல் வெளியே வருவதுபோலக் கக்கினார். வெள்ளைச் சட்டையெல்லாம் ஆயிற்று. அதைத் துடைக்கக்கூட அவர் கை போகவில்லை.

அக்கா உள்ளே போய் மற்ற மூன்று பாட்டிலையும் கொண்டுவந்து சாக்கில் போட்டாள். நீலத்தைப் போடுமுன் ஒரு கணம் பார்த்தாள். "நல்லவேளை, நான் டீ தவிர ஒன்னும் குடிக்கிறதில்ல" என்றாள். பிறகு அண்ணியின் பக்கம் பார்க்காமல், "கைக்கு எண்ணெ வைக்கிறேன், வா" என்றாள்.

"மொதல்ல புள்ளைக்குத் தண்ணி" என்றாள் அண்ணி.

அதுதான் நடக்கவில்லை. எவர்சில்வர் டம்ளரில் கொடுத்தார்கள். மூக்கை வைத்தாள், திரும்பிக்கொண்டாள். கிண்ணத்தில் கொடுத்தார்கள். அதுவும் ஆகவில்லை. அந்த வீட்டில் காஸ்டிக்கில் முங்காத பாத்திரம் எது? அண்ணி குழாயைத் திறந்து கையை ஏந்தினாள். சில்வண்டு ஆசையாகத்தான் குனிந்தாள். உடனே தலையை இழுத்துக்கொண்டாள். அம்மாவின் கை முழுக்க பிளீச்சிங் வாடை.

பளிச்சு தன் தலையில் அடித்துக்கொண்டார். "அதையும் நானே கெடுத்துட்டேன்."

"குட்டி, கண்ண மூடிட்டு ஒரு மடக்கு. அத்த சொல்றேன்ல."

"கடிக்கும்."

"கடிக்காதுடி. அந்தச் சனியன அறுத்தாச்சு, பாத்தேல்ல."

"கடிக்கும்."

"அப்ப ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும். ஊசி. பரவால்லியா?"

சில்வண்டு அழுதாள். கண்ணீர் வரவில்லை. அதைப் பார்த்துவிட்டு அண்ணி என்னைப் பார்த்தாள். கண்ணீர் வராவிட்டால் என்ன அர்த்தம் என்று டாக்டர் சொல்லியிருப்பார்போல.

"அப்ப எதுல குடிப்ப? நீயே சொல்லு" என்று நான் கேட்டேன்.

"மாடி அத்தை பாட்டில்ல."

மழை நின்றிருந்தது. கயிற்றில் தொங்கிய விரிப்புகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

என் மனைவி வேலையிலிருந்து வந்ததும் படியில் உட்கார்ந்துகொள்வாள். இவள் ஓடி வருவாள். பாட்டிலில் மிச்சம் இருப்பதை இருவரும் மாற்றி மாற்றிக் குடிப்பார்கள். இந்த வீட்டாருக்குத் தெரியாமல்தான். எனக்குத் தெரியும்.

"செத்தவ வாய் வச்சதையா? பச்சப்புள்ளைக்கா?" என்றாள் அக்கா. சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

"இருக்கா தம்பி அது?" என்று கேட்டாள் அண்ணி.

"இருக்கு."

மாடி ஏறினேன். ஜன்னல் விளிம்பில் இருந்தது. எவர்சில்வர். அடியில் ஒரு நசுங்கல். கடைசியாக வேலைக்குப் போன அன்று காலையில் என் மனைவி பாதி குடித்துவிட்டு, மூடி, "வந்து எடுத்துக்கிறேன், பையில எடமில்ல" என்று வைத்துவிட்டுப் போனாள். பேருந்து நிறுத்தத்தில் விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் உடைந்துவிட்டது. மருத்துவமனையில் இரண்டு நாள் இருந்தாள். உதடு வெடித்திருந்தது. தண்ணீர் கொடுக்கக்கூடாது என்றார்கள். பஞ்சால் தொட்டு வைத்தார்கள்.

பாட்டிலை நான் அதன் பிறகு திறக்கவில்லை. அவள் கடைசியாக வாய் வைத்துக் குடித்தது அந்தப் பாட்டிலில்தான். அவ்வளவுதான் காரணம். சில நாட்களில் எடுத்து ஆட்டிப் பார்ப்பேன். உள்ளே தண்ணீர் அசையும்.

திறந்தேன். குளத்தில் ஊறிய துணியின் வாடை. தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினேன். வழவழப்பாக ஒரு சவ்வும் கூடவே போனது. போகட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூடிக்குள் ஒரு ரப்பர் வளையம். ஊக்கால் நெம்பி எடுத்தேன். அதன் அடியில் கறுப்பாக, சளிபோல, வளையம் முழுக்கப் பூஞ்சை. இது இந்த மாதங்களில் வந்ததல்ல. இவ்வளவு தடிப்பாக வர ஆண்டுகள் ஆகியிருக்கும். அவள் இருந்தபோதே இருந்திருக்கிறது. தினமும் இது மூடிய தண்ணீரைத்தான் குடித்திருக்கிறாள். அந்த வளையம் கழலும் என்பதே எங்கள் இருவருக்கும் தெரியாது. எனக்கு வாயில் எச்சில் ஊறியது. தொட்டியில் துப்பினேன். அவள் சம்பந்தமான ஒன்றின்மேல் எனக்கு அருவருப்பு வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. வந்தது.

தேய்க்கப் பழைய பல்துலக்கும் பிரஷ் தேடினேன். குவளையில் இரண்டு இருந்தன. என்னுடையதை எடுத்தேன்.

பாத்திரம் தேய்க்கும் சோப்பு போட்டு வளையத்தைத் தேய்த்தேன். மரையைத் தேய்த்தேன். பாட்டில் தேய்க்கும் நீள பிரஷ் இல்லை. குச்சியில் துணி சுற்றி உள்ளே விட்டுத் தேய்த்தேன். கறுப்பு போக நேரமாயிற்று. வெந்நீர் ஊற்றி அலசினேன். மோந்து பார்த்தேன். மறுபடி தேய்த்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் உள்ளே பார்த்தேன். குழி இல்லை, உரிந்தது இல்லை. வெறும் எஃகு. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி நிரப்பிக்கொண்டு இறங்கினேன்.

பளிச்சு சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். பாட்டிலைப் பார்த்ததும் எழுந்து கையில் வாங்கினார். என்ன செய்கிறோம் என்று தெரியாமலே பீப்பாய்ப் பக்கம் இரண்டடி வைத்துவிட்டார்.

"அண்ணே."

நின்றார். பாட்டிலையும் பீப்பாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வேணாம்ணே. சோப்பு போட்டுக் கழுவியாச்சு. அது போதும்."

"போதுமா?" என்று கேட்டார். அந்த ஒரு சொல்லை அவர் வாழ்க்கையில் கேட்டிருக்க மாட்டார்போல. "நெசமாவே போதுமா தம்பி?"

"போதும்."

திருப்பிக் கொடுத்தார். நான் மூடியைத் திறந்து, வளையத்தை எப்படிக் கழற்றுவது என்று அண்ணிக்குக் காட்டினேன். "தெனமும் இதக் கழட்டித் தேச்சுக் காயவைங்க. இதுக்குள்ளதான் எல்லாம் இருக்கும்." அவள் தலையாட்டினாள். பிறகு எல்லோரும் பார்க்க நான் ஒரு வாய் குடித்தேன். விழுங்கினேன். தண்ணீர்தான்.

சில்வண்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கினாள். அடியிலிருந்த நசுங்கலை விரலால் தடவிப் பார்த்தாள். அதுதானா என்று பார்த்தாளாக இருக்கும். பிறகு பாட்டிலின் வாயில் மூக்கை வைத்து நெடுநேரம் மோந்தாள். அக்கா மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"வாசனையே இல்ல மாமா" என்றாள்.

"இல்ல" என்றேன்.

"ஒன்னுமே வரல."

"ஆமா. ஒன்னுமே இல்ல. குடி."

குடித்தாள். ஒரு மடக்கு. நிறுத்திக் காத்திருந்தாள், கடிக்கிறதா என்று. பிறகு தலையை அண்ணாந்து குடித்தாள். தொண்டை ஏறி இறங்குவது தெரிந்தது. அண்ணி ஒரு பாத்திரத்தைக் கையில் ஏந்தி நின்றாள், கக்கினால் பிடிக்க. நாங்கள் எல்லோரும் அந்தப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். அது காலியாகவே இருந்தது.

நான் மாடிக்குப் போய் விரிப்பைச் சுருட்டிக் கொண்டுவந்து, மற்றது என்ற குவியலில் போட்டேன்.